புதுக் கிற்றார் வந்தாயிற்று, அடுத்த காசை எதில் போடுவது?

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கனடாவில் இருந்து வந்த மாமா ஒரு எலெக்ட்ரிக் கிற்றார் கொண்டுவந்து தந்திருப்பார், அல்லது சேர்த்து வைத்த காசில் யாழ்ப்பாணத்துக் கடையில் ஒன்று வாங்கியிருப்பார்கள். கையில் எடுத்து வாசித்தால் ஏதோ ஒன்று சரியில்லை. தந்தி உயரமாக நிற்கிறது, விரல் நோகிறது. ஐந்தாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்துப் பகுதியின் (நெக்) குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஐந்தாவதில், இரைகிறது. மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருக்கிறது. கிற்றார் திருத்துபவரிடம் கொடுத்து செட்டப் (நெக்கின் வளைவு, தந்தியின் உயரம் போன்ற அளவுகளைச் சரிசெய்யும் வேலை) செய்விப்பதா, நாமே கருவி வாங்கிச் செய்வதா, அல்லது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), டியூனர் (தலையில் தந்தியை முறுக்கும் திருகி) என்று பாகங்களை மாற்றிவிடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் இருப்பவர் முதலில் செட்டப்பைத் தன் கையால் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். நட் (தலைப்பக்கம் தந்திகள் பதிந்து நிற்கும் பள்ளமிட்ட துண்டு), ஃப்ரெட் வேலை இருந்தால் அதற்கு மட்டும் ஒருமுறை திருத்துபவரிடம் போகலாம். பாகங்கள் கடைசி. கொழும்பில் இருப்பவருக்கு இந்த வரிசையை நான் சொல்லமாட்டேன். இங்கே தூரமும் காற்றும் கணக்கை மாற்றிவிடுகின்றன.

எதை வைத்து அளப்பது

ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகளைக் கேட்கிறேன். இப்போது இருக்கும் குறையை அது உண்மையில் தீர்க்குமா? தீர்த்தால் எத்தனை காலம் நிற்கும்? பஸ் காசு, சுங்கத் தீர்வை எல்லாம் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு? பிழைத்துப் போனால் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா?

இதில் இரண்டாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிற்றார் செய்யும் நிறுவனங்கள் பொதுவாக 45 முதல் 55 சதவீதம் வரையான காற்று ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கின்றன. வன்னியில் அப்படி ஒரு நிலையான காற்று கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு மழை கொட்டுகிறது. இரணைமடு வான் பாயும் நாட்களில் வீட்டுக்குள் சட்டைகூடக் காயாது. வற்றாப்பளைப் பொங்கல் வரும் வைகாசிக்குள் எல்லாம் மாறி, பிறகு புரட்டாதி வரைக்கும் சோளகம் செம்மண் புழுதியோடு அடிக்கும். கிற்றாரின் நெக் மரம். ஈரத்தைக் குடிக்கும், பிறகு விடும். ஆவணியில் அருமையாக இருந்த செட்டப் கார்த்திகையில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது கை வைக்க வேண்டி வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் எந்த வழியையும் ஒப்பிட வேண்டும்.

| | திருத்துபவரிடம் செட்டப் | சொந்தக் கையால் செட்டப் | பாகங்கள் மாற்றுதல் |
|---|---|---|---|
| தீர்ப்பது | உயரம், இரைச்சல், சுருதி. நட், ஃப்ரெட் குறைகளும் | உயரம், வளைவால் வரும் இரைச்சல், சுருதி | ஒலியின் தன்மை, பிக்கப் இரைச்சல், பழுதான பாகம் |
| நிற்கும் காலம் | அடுத்த பருவம் வரை. நட், ஃப்ரெட் வேலை பல வருடம் | அடுத்த பருவம் வரை, ஆனால் மறுபடி செய்யச் செலவில்லை | பல வருடம் |
| மறைந்த செலவு | பயணம், காத்திருப்பு, திரும்பி வரும் வழி | கருவிகள், பழகும் நேரம் | சுங்கம், பொருந்தாத அளவு, கடை உத்தரவாதம் |
| திருப்ப முடியுமா | நட், ஃப்ரெட் வேலை முடியாது | ஏறக்குறைய எல்லாம் முடியும் | மரத்தை வெட்டாத வரை முடியும் |

திருத்துபவரிடம் கொடுத்தால்

நல்ல கை பட்ட கிற்றாரின் சுகமே வேறு. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. தொழில் தெரிந்தவர் நெக்கின் நீளத்தைக் கண்ணால் பார்த்தே எந்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது என்று சொல்லிவிடுவார். மலிவான புதுக் கிற்றார்களில் வழமையாக வரும் இரண்டு குறைகள், அதாவது ஆழம் போதாமல் வெட்டிய நட்டும் கையைக் கீறும் ஃப்ரெட் முனைகளும், அவருடைய அரத்துக்குத்தான் அடங்கும். நட் பள்ளத்தை அராவ ஒவ்வொரு தந்திக்கும் ஏற்ற பருமனில் தனி அரம் வேண்டும். அந்த அரங்களின் விலைக்குப் பல தடவை வேலையைக் கொடுத்தே செய்வித்துவிடலாம்.

நட் உயரமா என்று நீங்களே பார்க்கலாம். மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு மிகச் சிறிய இடைவெளி தெரிந்தால் நல்லது. நன்றாகவே விலகி நின்றால் நட் உயரம். கீழ் ஃப்ரெட்டுகளில் எஃப் கோர்ட் பிடிக்க உயிர் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் அது தீராது.

இனி மறைந்த செலவு. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவில் இருந்து என்றால் நூறைத் தாண்டும். கொண்டுபோய்க் கொடுக்க ஒருமுறை, எடுத்துவர ஒருமுறை. ஏ9 வீதி பஸ்ஸில் மெல்லிய துணிப் பையில் கிற்றாரைச் சனத்துக்குள் செருகிக்கொண்டு வந்தால், செட்டப் செய்த பலன் வழியிலேயே கொஞ்சம் போய்விடும். தலைப்பக்கம் ஓர் இடி போதும். வாகனத்தில் போகிறவர்கள் மத்தியான வெயிலில் மூடிய வாகனத்துக்குள் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. அந்தச் சூட்டில் ஒட்டுப்பசை இளகும்.

கிற்றார் எந்தக் கையும் படாமல் பெட்டியில் இருந்து நேரே வந்திருந்து, நட் அல்லது ஃப்ரெட்டில் குறை தெரிந்தால், அல்லது கிட்டடியில் மேடையோ ஒலிப்பதிவோ இருந்தால், இதுதான் சரியான வழி. வவுனியாவில் இருந்து கொழும்புக்கு எப்படியும் போய்வருகிறவர்களுக்குப் பயணச் செலவு தனியாக ஏறாது. கொடுக்கும்போது எந்தப் பருமன் தந்தி போடப் போகிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 9 செட்டுக்கு (முதல் தந்தி 0.009 அங்குலம்) சரிபார்த்த கிற்றாரில் பிறகு 10 செட்டைப் போட்டால் இழுவிசை கூடி எல்லா அளவும் மாறிவிடும்.

சொந்தக் கையால் செய்தால்

செட்டப் என்பது நான்கு அளவுகள்தான்: நெக்கின் வளைவு, தந்தியின் உயரம், சுருதி நீளம், பிக்கப் உயரம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. முன்னது அசைந்தால் பின்னது எல்லாம் அசையும்.

தேவையான கருவிகளில் பாதி ஊரிலேயே இருக்கிறது. மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் திருத்தும் கராஜில் வால்வ் இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் வைத்திருப்பார்கள். நெக்கின் வளைவை அளக்கவும் அதேதான். அது கிடைக்காவிட்டால் பழைய 10 செட்டின் முதல் தந்தியில் ஒரு துண்டை நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பருமன் 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. நமக்கு வேண்டிய அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

புதுத் தந்தி போட்டு, சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். ஏழாம், எட்டாம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே அந்தத் துண்டு மெதுவாக உரசிப் போக வேண்டும். தாராளமாகப் போனால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது. நுழையவே இடமில்லை என்றால் நேராகவோ பின்னோக்கியோ நிற்கிறது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் கம்பியை வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகி முன்வளைவு குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் தளர்ந்து வளைவு கூடும். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். திருப்பிவிட்டு மறுபடி சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டு அளந்து பாருங்கள். கை பலத்துக்கு அசையாத ட்ரஸ் ரொட்டை ஒருபோதும் நெருக்கக் கூடாது. அங்கே நிறுத்திவிட்டுத் திருத்துபவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

அலன் கீ விஷயத்தில் கவனம் வேண்டும். சைக்கிள் கடையில் கிடைக்கும் செட் மி.மீ. அளவு. ஆசியாவில் செய்த கிற்றார்களுக்குப் பெரும்பாலும் அது போதும். அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல அளவு வரும். கிட்டத்தட்டப் பொருந்துகிற கீயை வைத்துத் திருப்பினால் தலையின் மூலைகள் தேய்ந்துவிடும், பிறகு எந்தக் கீயும் பிடிக்காது. கிற்றார் பெட்டியோடு வந்த கீ இருந்தால் அதைப் பொன்போலப் பத்திரப்படுத்துங்கள்.

வளைவு சரியென்றால் உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல்விளிம்பில் இருந்து தந்தியின் அடிவரை, தடித்த தந்திக்கு 2 மி.மீ., மெல்லிய தந்திக்கு 1.6 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். ஓங்கி அடித்து வாசிக்கிறவர்கள் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளட்டும். பிறகு சுருதி நீளம்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் தந்தியைத் தொட்டும் தொடாமலும் எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ஃபோனில் உள்ள டியூனர் செயலியில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடிக் காட்டினால் பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும் சிறு துண்டான சாடிலைப் பின்னுக்கு, நெக்கில் இருந்து விலக்கித் தள்ளுங்கள். குறைத்துக் காட்டினால் முன்னுக்கு. பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் ஏற்றிவைத்தால் காந்தம் தந்தியை இழுத்துச் சுரம் அலையும். சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இது நன்றாகவே தெரியும். கொஞ்சம் இறக்கிவிட்டால் சரி.

மழைக்காலத்தில் நெக் எந்தப் பக்கம் அசையும் என்பது மரத்துக்கு மரம், நெக்குக்கு நெக் மாறும். அதனால்தான் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்கிறேன். திகதி, அந்த அளவுகள், அவ்வளவுதான். ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்தால் உங்கள் கிற்றாரின் போக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். வேறு எந்தத் திருத்துபவருக்கும் அது தெரியாது. இந்த வழியை நான் முதலில் வைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இதன் மறைந்த செலவு நேரமும் பொறுமையும். முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். நாளைக்குக் கச்சேரி என்றால் இன்றைக்குத் தொடங்காதீர்கள். ஃப்ளொய்ட் ரோஸ் போன்ற பூட்டும் ட்ரெமலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) உள்ள கிற்றார் என்றால் பழகுவது இரட்டிப்புக் கடினம். ஒரு தந்தியை அசைத்தால் மற்ற ஐந்தும் அசையும். அதுவே முதல் கிற்றாராக இருந்தால் முதல் செட்டப்பை வெளியில் கொடுத்து, அவர் செய்வதை அருகில் நின்று பார்ப்பது நல்லது.

பாகங்களை மாற்றினால்

பாகம் மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இரட்டைத் தந்திகள் கொண்ட மேற்கத்திய மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினைத்தான் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டார். இரட்டைத் தந்தியில் கமகம் இழைவது கடினம் என்ற தெளிவான காரணம் அதற்கு இருந்தது. அப்படி ஒரு காரணத்தைச் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். ‘இந்தக் கிற்றார் நன்றாக இல்லை’ என்பது மட்டும் போதாது.

அதிகம் ஆசைப்படுவது பிக்கப்புக்கு. சிங்கிள் காயில் பிக்கப் இரைகிறது என்று முறையிடுகிறார்கள். எங்கள் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலத்தை ஒற்றைச் சுருள் அப்படியே வாங்கிவிடும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்கான விடை. எதிரெதிர்த் திசையில் இரண்டு சுருள்கள். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி கூடும். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிற்றாரில் மரத்தை வெட்டாமல் போட, சிங்கிள் காயில் அளவிலேயே செய்த ஹம்பக்கர்கள் இருக்கின்றன. ஆனால் பிக்கப்போடு செலவு முடியாது. சிங்கிள் காயிலுக்கு வழமையாக 250 கிலோ ஓம் வொலியூம் பொட் (ஒலியளவுத் திருகிக்குள் இருக்கும் மின்தடை), ஹம்பக்கருக்கு 500. அதையும் மாற்றாவிட்டால் ஒலி மங்கலாகக் கேட்கும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: கிற்றாரைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே திரும்புங்கள், ட்யூப் லைட்டை அணையுங்கள், சோலர் இன்வேட்டரில் இருந்து தள்ளிப் போங்கள். இரைச்சல் பெருமளவு குறைந்தால் காசு மிச்சம்.

கிற்றாரின் உள்ளே செப்புத் தாள் ஒட்டினால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்று நம்பிச் செய்கிறார்கள். விளக்கு, சுவிட்சுகளால் வரும் சர்ரென்ற சத்தம் குறையும். ஆனால் மின்மாற்றியின் காந்தப் புலத்தால் வரும் ஹம் என்ற ஆழ்ந்த முனகல் அதனால் நிற்காது.

டியூனர் மாற்றுவது பெரும்பாலும் தேவையற்ற செலவு. சுருதி நிற்கவில்லை என்றால் முதலில் நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள், தந்தியை இரண்டு மூன்று சுற்று ஒழுங்காகச் சுற்றுங்கள், புதுத் தந்தியைக் கையால் இழுத்துப் பழக்குங்கள். வொலியூம் திருகும்போது கரகரத்தால் அது பெரும்பாலும் புழுதி. ஃபோன் திருத்தும் கடையில் உள்ள கொன்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்தால் சரியாகும். பற்றவைக்கும் வேலைக்கும் அந்தக் கடைக்காரரே போதும். வயர் வரைபடத்தை ஃபோனில் காட்டினால் சுத்தமாகச் செய்து தருவார்.

2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறியபின், வெளிநாட்டுப் பாகம் ஒவ்வொன்றும் மலிவான கிற்றார் ஒன்றின் விலையோடு போட்டி போடுகிறது. அஞ்சலில் வரும் பொதிக்குச் சுங்கத் தீர்வை தனி. திருகாணித் துவாரம் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப வழியில்லை. கடை உத்தரவாதம் முடியும் முன் உள்ளே திறக்கவும் வேண்டாம். கிற்றாரை ஒரு வருடமாவது நன்றாக வாசித்து, நெக் உங்கள் கைக்குப் பிடித்துப்போய், எந்த ஒலி குறைகிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்த வழி. உறவினர் யாராவது வெளிநாட்டில் இருந்து பயணப்பையில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

எந்த வழியானாலும் தொடரும் பராமரிப்பு

பூச்சுப் பூசிய தந்தி சாதாரணத் தந்தியைவிட விலை கூட. ஆனால் வியர்க்கும் கைக்கும், முல்லைத்தீவுக் கரையின் உப்புக் காற்றுக்கும் அதுதான் மலிவு. துருப்பிடிக்க எடுக்கும் காலம் பல மடங்கு நீளும். உள்நாட்டுப் பக்கம், தினமும் வாசிக்காதவருக்குச் சாதாரணத் தந்தியே போதும், வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் துடைத்தால்.

ரோஸ்வுட், லாரல் மர ஃப்ரெட்போர்டுக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை கிற்றாருக்கென்று விற்கும் எண்ணெய் சில துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கு மணக்கும். வார்னிஷ் பூசிய மேப்பிளுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை. கோடையில் ஃப்ரெட் முனை கையைக் கீறத் தொடங்கினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே அரத்தை எடுக்காதீர்கள், மழைக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். மழை ஊறும் வெளிச்சுவரில் தொங்கவிடவும் வேண்டாம். மாரியில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொதி இரண்டு போட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

நுளம்புக்குப் பூசும் மருந்தில் டீட் (DEET) என்ற இரசாயனம் இருந்தால் கையைக் கழுவிவிட்டுத்தான் கிற்றாரைத் தொட வேண்டும். பிளாஸ்டிக்கையும் பூச்சையும் அது அரிக்கும். மாலையில் முற்றத்தில் இருந்து வாசிக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது

கனடாவில் இருந்து கிற்றாரோடு அம்பிளிபயரும் வந்திருந்தால், செருகுவதற்கு முன் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் அது கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று கட்டாயம், அதுவும் அம்பிளிபயரின் வோட் அளவைவிடத் தாராளமாகத் தாங்கக்கூடியது. 100-240 என்று எழுதியிருந்தால் ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதும். லண்டன், பாரிஸில் இருந்து வந்ததற்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று ஏர்த். கிற்றாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக அம்பிளிபயரின் ஏர்த்தோடு இணைந்திருக்கின்றன. வீட்டு வயரிங்கில் ஏர்த் இல்லாமலோ, இரண்டு முள் அடாப்டரில் செருகியோ, திருவிழா மேடையில் ஏர்த் கம்பி நடாத ஜெனரேட்டரில் இருந்தோ வாசிக்கும்போது அம்பிளிபயரில் கசிவு இருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் படுகிற அந்த ஒரு கணத்தில் உங்கள் உடல்தான் வயராகும். பாடிக்கொண்டே வாசிக்கிறவர்கள் மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை போடுங்கள். மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் காசு இந்த ஒன்றுக்குத்தான் போதும் என்றால், செட்டப்பை அடுத்த மாதம் பார்க்கலாம்.